குத்தாமல் போன ஸ்வெட்டர்

எனக்கு வந்த நோயின் முதல் அறிகுறி, ஒரு ஸ்வெட்டர் குத்தாமல் போனது. சிரிக்காதீர்கள். இல்லை, சிரிக்கவும் செய்யலாம். இப்போது நானே சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அப்போது ஷார்ஜாவில், பழைய துணி பிரிக்கும் கிடங்கு ஒன்றில் எனக்கு வேலை. குளிர் நாடுகளில் ஜனங்கள் உடுத்திக் கழித்த துணிகள் இறுக்கிக் கட்டிய பெரிய பேல்களாகக் கப்பலில் வரும். அவற்றை அறுத்துக் கொட்டி, தரம் பார்த்துப் பிரித்து, மறுபடி கட்டி வேறு வேறு நாடுகளுக்கு அனுப்புவோம். சட்டைக்கு ஒரு மேசை, ஜீன்ஸுக்கு ஒரு மேசை. எனக்கு ஸ்வெட்டர் மேசை. வெளியே வெயிலில் தார் ரோடு இளகிக் கிடக்கும். உள்ளே நான் பனிக்கால உடுப்புகளின் நடுவே வேர்த்துக் கொட்டிக்கொண்டு நிற்பேன்.

நான் பரமக்குடிப் பக்கத்து ஆள். மார்கழியில் காதை மூடி ஒரு துண்டு கட்டினால் எங்கள் ஊர்க் குளிர் தீர்ந்தது. அப்படிப்பட்ட எனக்கு அந்த ஸ்வெட்டர்கள் மேல் வந்த ஆசை இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது! குறிப்பாகக் கையால் பின்னிய பழைய கம்பளி. கம்பெனிச் சீட்டு இருக்காது. பொத்தான் மரத்திலோ தோலிலோ இருக்கும். உள்பக்கம் திருப்பினால் தோள் சேரும் இடத்தில் யாரோ முடிச்சுப் போட்டுக் கத்தரித்த நூல்நுனி தெரியும். ஒன்றில் பாதி வரைக்கும் ஒரு பச்சை, அதற்குமேல் வேறு பச்சை. நூல் தீர்ந்துபோய் அந்தம்மா கடைக்கு ஓடியிருப்பார் என்று நானாக நினைத்துக்கொள்வேன். இந்த மாதிரி உருப்படிகளுக்குத் தனி மூட்டை. குளிர் ஊர்களில் இவற்றைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

கண்ணை மட்டும் நம்பிக் கம்பளியைப் பிரிக்க முடியாது. செயற்கை நூலும் அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும். அதனால் நாங்கள் எல்லோரும் ஸ்வெட்டரை மணிக்கட்டின் உட்புறம் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்போம். கம்பளி என்றால் கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரி சுருக் சுருக்கென்று குத்தும். செயற்கை நூல் வழுக்கிக்கொண்டு போகும். குத்தினால் இந்தப் பக்கம், குத்தாவிட்டால் அந்தப் பக்கம். முழு வேலையும் இதுதான்.

ஒருநாள் காலை எதுவுமே குத்தவில்லை. அன்றைக்கு வந்த பேல் முழுக்கச் செயற்கை நூல் போலிருக்கிறது என்று எல்லாவற்றையும் அந்தப் பக்கம் வீசிக்கொண்டிருந்தேன். எங்கள் சூப்பர்வைசர் கரீம் பாய், பெஷாவர்க்காரர், ஒரு பழுப்பு ஸ்வெட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். முன்பக்கம் முழுக்கச் சடை சடையாகப் பின்னல். மழையில் நனைந்த ஆட்டு வாசனை தூக்கியடித்தது.

“அரே தங்கராஜ், இது உனக்கு ஆக்ரிலிக்கா? மூக்கும் மாஃபியா, கையும் மாஃபியா?” என்றார். மாஃபி என்றால் அங்கே இல்லை என்று அர்த்தம்.

வாங்கி மணிக்கட்டில் இழுத்தேன். குத்தவில்லை. அடுத்த கையில் இழுத்தேன். குத்தவில்லை. கை ஏதோ என்னுடையது இல்லாத மாதிரி இருந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு வயிற்றுப்போக்கு வந்து படுத்திருந்தேன்; அந்த அசதிதான் போகவில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் செருப்பு காலைவிட்டுக் கழன்றது தெரியாமல் வெறுங்காலோடு பஸ் வரைக்கும் நடந்திருக்கிறேன். சாயந்திரம் ரூமில் மேல்கட்டிலுக்கு ஏற முடியவில்லை. கீழ்க்கட்டில் முருகேசன் அண்ணன் அரியலூர்க்காரர், வேறு கம்பெனியில் கம்பி கட்டுகிறவர். “என்னடா, குடிச்சவன் மாதிரி தள்ளாடுற?” என்று பிடித்து உட்கார வைத்தார். பக்கத்துக் கிளினிக்கில் சத்துக்குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரை தீருவதற்குள் முழங்கால் மடங்கிக் குளியலறையில் விழுந்தேன். அண்ணன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். இதைப் படிக்கிற உங்களுக்கு இரண்டு பாதமும் ஒருசேர மரத்து, அந்த மரப்பு மேலே மேலே ஏறினால், தயவுசெய்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

என்னைப் பார்த்தவர் ஒரு மலையாளி டாக்டரம்மா. சின்ன ரப்பர்ச் சுத்தியால் முழங்காலில் தட்டினார். கால் எகிற வேண்டும், சும்மா கிடந்தது. முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் (முதுகெலும்புக்குள் நரம்பைச் சுற்றி இருக்கும் தெளிந்த நீர்) எடுத்தார்கள். நரம்புக் கடத்தல் சோதனை (மெல்லிய மின்சாரத்தை விட்டு, நரம்பில் சேதி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளப்பது) செய்தார்கள்.

“பேர் கில்லன்-பாரே” என்றார் டாக்டரம்மா. “வயித்துப்போக்கு கொண்டுவந்த கிருமியை அடிக்கக் கிளம்பின எதிர்ப்புச் சக்தி, ஆள் மாறி உன் நரம்பு மேல இருக்கிற உறையை அடிக்குது. ஒயர் மேல பிளாஸ்டிக் உரிஞ்சா கரண்ட் ஒழுங்காப் போகுமோ?”

“போகாது டாக்டர்.”

“அதுதான். உறை மறுபடி வளரும். மெல்ல வளரும். பேடிக்கண்டா.” பயப்படாதே என்று அவர் பாஷையில் சொன்னார்.

“கை பழையபடி வருமா டாக்டர்?”

அவர் அவசரப்பட்டு வரும் என்று சொல்லவில்லை. “பெரும்பாலும் நடந்திடுவே. விரல் உணர்ச்சி சிலருக்கு முழுசா வரும், சிலருக்குக் குறைஞ்சே இருக்கும். இப்பவே சொல்ல எனக்குத் தெரியாது” என்றார். அந்த நேர்மை அன்றைக்குக் கசந்தது. பிறகு அதைத்தான் ரொம்ப மதித்தேன்.

இம்யூனோகுளோபுலின் (பலருடைய ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம்) சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். யார் யாருடைய ரத்தமோ! அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். இந்த நோயில் மூச்சுத் தசையும் தளர்ந்துவிடலாம் என்பதால், நர்ஸ் அடிக்கடி வந்து ஒரே மூச்சில் எத்தனை எண்ண முடிகிறது என்று பார்ப்பார். எனக்கு ஒன்று இரண்டு வரவில்லை. சின்ன வயதில் கண்மாய்க்கரையில் கபடி ஆடியவன். கண்ணை மூடிக்கொண்டு “சடுகுடு சடுகுடு சடுகுடு” என்று ஆரம்பித்துவிட்டேன். அந்த நர்ஸ் பிலிப்பைன்ஸ் பெண். முதலில் எனக்குப் பிதற்றல் கண்டுவிட்டது என்று டாக்டரைக் கூப்பிட ஓடினாள். விஷயம் தெரிந்த பிறகு அவளே வந்து நின்று “சடுகுடு, ப்ளீஸ்” என்று கேட்பாள். மூச்சு தப்பித்தது. ஒருநாளும் குழாய் வைக்க நேரவில்லை.

ஆஸ்பத்திரி ஏசி எலும்பைத் துளைத்தது. வெள்ளிக்கிழமை பார்க்க வந்த கரீம் பாய் ஒரு பையை நீட்டினார். உள்ளே அதே சடைப் பின்னல் ஸ்வெட்டர்! மேனேஜரிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். “உன் ஆக்ரிலிக்” என்று கண்ணடித்தார்.

அப்புறம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார். குளிர்காலச் சரக்கு கப்பலேறி முடியும் வரைக்கும் என் இடத்தை வைத்திருப்பார்களாம். மற்ற மேசைகளில் ஆள் நிறைந்துவிட்டது. அதற்குள் கை திரும்பினால் ஸ்வெட்டர் மேசை எனக்கு. திரும்பாவிட்டால் விசாவை முடித்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். “நான் சொன்னால் நடக்காது தங்கராஜ்” என்று கையை விரித்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. குத்துகிறதா இல்லையா என்று சொல்லத் தெரியாதவனை அந்த மேசையில் வைத்து என்னதான் செய்வது?

வெறும் உடம்பில் அந்த ஸ்வெட்டரை மாட்டிவிட்டார்கள். அப்போதுதான் ஒன்று கண்டுபிடித்தேன். கழுத்தில் குத்துகிறது! மார்பில் குத்துகிறது! தோளில் கொன்றே விடுகிறது! முழங்கை தாண்டியதும் விளக்கை அணைத்த மாதிரி ஒன்றுமில்லை. மரப்புக்கு ஒரு எல்லைக்கோடு இருந்தது. துணி அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

முருகேசன் அண்ணன் ஒரு பேனாவை எடுத்து, குத்தல் நிற்கிற இடத்தில் கோடு போட்டார். அடுத்த வெள்ளி வந்து மறுபடி கோடு போட்டார். ஒரு விரற்கடை கீழே! “டேய் தங்கராசு, எறங்குதுடா!” என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில் சூடான்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மா பஞ்சு நுனியாலும் குண்டூசியாலும் தடவிப் பார்த்துத் தன் அளவைக் குறித்துக்கொண்டார். எங்கள் கோட்டையும் பார்த்துச் சிரித்தார். “கொள்ளாம், நல்லாயிருக்கு, வரைஞ்சுக்கோ. என் அளவுக்குப் பக்கத்துலதான் வருது.”

ஊரில் என் மனைவி செல்வி. போன் கார்டைச் சுரண்டி எண்ணை அழுத்திப் பேசிய காலம் அது. அண்ணன் போனைக் காதில் பிடித்துக்கொள்வார். “கோடு எறங்கிருச்சு செல்வி!” என்பேன்.

“என்ன கோடோ போங்க. இந்த வெயில்ல ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்கன்னு சொன்னா, உங்க மாமியா உங்களுக்குப் பேய் பிடிச்சிருக்குன்னு மந்திரிக்கக் கிளம்பிட்டாங்க” என்பாள். உடனே எங்கள் வீட்டு ஆடு என்ன தின்றது என்று பேச்சை மாற்றிவிடுவாள்.

நடக்க ஊன்றுசட்டம் (நான்கு கால் வைத்த பிடிச்சட்டம்) கொடுத்து ரூமுக்கு அனுப்பினார்கள். வீட்டில் நோயாளியை வைத்திருப்பவர்களுக்கு டாக்டரம்மா சொன்னது இது: உணர்ச்சியில்லாத கையைக் கொதிக்கிற எதன் பக்கத்திலும் விடக்கூடாது, தோல் வெந்தாலும் அவனுக்குத் தெரியாது. முருகேசன் அண்ணன் அதைக் தெய்வ வாக்காக எடுத்துக்கொண்டார். டீயை ஆற்றித் தந்தார், குளிக்கத் தண்ணீர் விளாவி வைத்தார். அடுப்புப் பக்கம் என் நிழல் விழவும் விடவில்லை.

கோடு முன்கை முழுவதும் இறங்கி மணிக்கட்டுக்குச் சற்று மேலே வந்தது. வந்து அங்கேயே நின்றுவிட்டது. அந்த வெள்ளியும் அங்கேதான், அடுத்த வெள்ளியும் அங்கேதான். அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் கொஞ்சூண்டு இடத்தில்தான் என் பிழைப்பே இருந்தது. குளிர்காலச் சரக்கு பாதிக்குமேல் கப்பலேறிவிட்டது என்று கரீம் பாய் போனில் சொன்னார்.

அந்த நேரம் பார்த்துத்தான் நடந்தது அந்தக் கூத்து.

பரிசோதனைக்காக ஆஸ்பத்திரி போய்த் திரும்பியிருந்தேன். போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த துணியை அப்படியே வீட்டுக்குள் விடலாமா? நம் வீடுகளில் விடுவோமா? அண்ணன் ஒரு பெரிய குண்டானில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து, சோப்புத்தூளும் கிருமிநாசினியும் கொட்டி, என் ஸ்வெட்டரை அதில் முக்கி, கட்டையால் கிண்டி, பிறகு அடித்துத் துவைத்து, முறுக்கிப் பிழிந்து மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டிருக்கிறார்.

மாலையில் கையில் எதையோ பிடித்துக்கொண்டு வந்து நின்றார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“டேய், இது என்னடா இது?”

என் மார்பையும் முதுகையும் மூடிய ஸ்வெட்டர், ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குப் போடுகிற அளவில் நின்றது. நின்றது என்றுதான் சொல்ல வேண்டும். அட்டை மாதிரி விறைத்திருந்தது. சடைப் பின்னல் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டித்துப் போயிருந்தது.

“பருத்தித் துணி கூடத்தான் சுருங்கும், அதுக்காக இம்புட்டா? ஆளையே காணோம்டா!” என்றார்.

வேடிக்கை என்னவென்றால், நாளெல்லாம் ஸ்வெட்டரில் புரண்ட எனக்கே அது தெரியாது. எங்கள் மேசைக்கு வருவது எல்லாம் துவைத்துக் காய்ந்து வருவது. எங்கள் இரண்டு பேர் வம்சத்திலும் கம்பளியைத் துவைத்தவர் ஒருவர் இல்லை. ரூமில் இருந்த எல்லோரும் கூடி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தேர் வடம் மாதிரி இழுத்தார்கள். இம்மி அசையவில்லை. கரீம் பாய்க்குப் போன் போட்டோம். கொதிநீரில் போட்டதைச் சொன்னதும் அவர் ஒரே வார்த்தையில் “கலாஸ்” என்று முடித்துவிட்டார். தீர்ந்தது என்று அர்த்தம்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “என் கைய அளக்கிறதுக்கு இருந்த ஒண்ணே ஒண்ணு அதுதான். அதையும் கொன்னுட்டிங்களேண்ணே!” என்று கத்திவிட்டு அழுதேன். அத்தனை நாள் ஆஸ்பத்திரியில் அழாதவன் ஒரு ஸ்வெட்டருக்காக ஓவென்று அழுதேன். அண்ணன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அன்று ராத்திரி அவரும் சாப்பிடவில்லை.

தூக்கிப் போட மனசு வரவில்லை. நரம்பு வளரும் காலத்தில் என் கைகள் ஐஸ் மாதிரி சில்லென்று இருக்கும். ஸ்வெட்டரின் சுருங்கின கைப்பகுதி இப்போது என் உள்ளங்கைக்கு மட்டும் சரியாக இருந்தது. உறை மாதிரி அதற்குள் வலது கையை நுழைத்து வைத்துக்கொள்வேன். பார்க்கிறவர்களுக்கு, ஒரு குட்டி ஸ்வெட்டர் என் கையைக் கவ்விப்பிடித்துத் தொங்குவது போலத் தெரியும். ரூமில் எல்லோரும் “உங்க மகன் சௌக்கியமா?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு அண்ணன் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் அந்த உறையோடு உட்கார்ந்திருந்தேன். திடீரென்று கைக்குள்ளே சுருக் சுருக்கென்றது.

“அண்ணே! எறும்பு! உள்ள எறும்பு புகுந்துருச்சு, கடிக்குது!”

அண்ணன் கத்தியைப் போட்டுவிட்டு வந்து உறையை உருவினார். தலைகீழாக உதறினார். உள்பக்கம் வெளியே திருப்பித் தரையில் படார் படாரென்று அடித்தார். எறும்பைக் காணோம். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தடிப்பில்லை, சிவப்பில்லை.

“எங்கடா கடிச்சது?”

“இங்க, சுண்டுவிரலுக்குக் கீழ. உள்ளங்கையிலயும்.”

“ஒரு எறும்பும் இல்லியேடா…” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். என்னை ஏறிட்டுப் பார்த்தார். “டேய். எறும்பு கடிச்சா ஒனக்கு எப்படிடா தெரியும்?”

உறையைப் பிடுங்கிக் கையை உள்ளே விட்டேன். சுருக்! வெளியே எடுத்தேன், ஒன்றுமில்லை. மறுபடி விட்டேன். சுருக் சுருக் சுருக்!

“குத்துதுண்ணே! கம்பளி குத்துது! அடப்பாவி, குத்துதுண்ணே!”

அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். வெண்டைக்காய் தட்டோடு கவிழ்ந்தது. அடுத்த ரூம் ஆட்கள் யாருக்கோ லாட்டரி விழுந்துவிட்டது என்று ஓடிவந்தார்கள். செல்விக்குப் போன் போட்டு “குத்துதுடி!” என்று கத்தினேன். அவள் “என்னங்க குத்துது? ஐயையோ, யாரு குத்துனா?” என்று அலறி, விஷயம் புரிந்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். கார்டில் இருந்த நிமிஷமெல்லாம் அவள் அழுவதைக் கேட்பதிலேயே தீர்ந்தது. அதைவிட நல்ல போன் கால் என் வாழ்க்கையில் இல்லை.

குளிர்காலச் சரக்கின் கடைசிப் பேல்கள் மிச்சமிருக்கும்போதே கிடங்குக்குப் போனேன். கரீம் பாய் என் கண்ணைத் துண்டால் கட்டி, ஒவ்வொன்றாக மணிக்கட்டில் இழுத்தார். “கம்பளி. கம்பளி. செயற்கை. கம்பளி.” நடுவில் தன் தாடியைக் கொண்டுவந்து தேய்த்தார். “இது கம்பளி இல்ல பாய், பெஷாவர் ஆடு” என்றேன். அவர் துண்டை அவிழ்த்து, மேசையைக் காட்டி “யல்லா, சீக்கிரம் வேலையைப் பார்” என்றார்.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். இடதுகையில் இரண்டு விரல்நுனிகள் இன்றுவரை ஊமைதான். மாடிப்படி ஏறினால் கால் சீக்கிரம் சலிக்கிறது. முன்பெல்லாம் உடம்பு ஒன்று இருப்பதே நினைவிருக்காது. இப்போது காலையில் கண் விழித்ததும் பாதத்திலிருந்து ஒவ்வொரு இடமாக விசாரித்துக்கொண்டு வருகிறேன். நாட்களைச் சம்பளத் தேதி வைத்துக் கணக்குப் பார்த்தவன், அந்த வருடத்தை முழங்கையிலிருந்து மணிக்கட்டு, மணிக்கட்டிலிருந்து உள்ளங்கை என்றுதான் நினைவு வைத்திருக்கிறேன். நரம்புக்கு அவசரம் கிடையாது. அதை யாரும் யல்லா சொல்லி விரட்ட முடியாது. படுக்கையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது அது ஒன்றுதான்.

லீவில் ஊருக்குப் போனபோது அந்தக் குட்டி ஸ்வெட்டரையும் பெட்டியில் எடுத்துப் போனேன். சித்திரை வெயில். செல்வி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தன் கையில் தேய்த்தாள். “அய்ய, என்னமா குத்துது! இதையா கட்டிக்கிட்டு அழுதீங்க?” என்றாள். ஆனால் மறுநாள் அதை என் தலைமாட்டு ஆணியில் அவள்தான் மாட்டினாள்.

இப்போது ஊரோடுதான் இருக்கிறேன். இன்றைக்கும் எழுந்ததும் முதல் வேலையாக அதை எடுத்து உள்ளங்கையில் ஒரு இழுப்பு இழுப்பேன். அடுப்படியிலிருந்து செல்வியின் குரல் வரும்.

“குத்துதா?”

“குத்துது!”

“அப்ப பல்ல வெளக்கிட்டு வாங்க, காப்பி ஆறுது.”